குப்பியில் எழுதாத செரோட்டோனின்

நீங்கள் கேட்டது இதுதான். அக்காவுக்கு 42 வயது. மனச்சோர்வுக்காக ஐந்து மாதமாக எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறார். பழையபடி சமைக்கிறார், பேசுகிறார். ஆனால் பகலெல்லாம் கொட்டாவி, காரணமில்லாத வியர்வை என்று அலுத்துக்கொள்கிறார். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தி ‘சியாவ் யாவ் வான்’ என்ற சீனக் குளிகையில் இரண்டு குப்பி கொடுத்து, “இதுவும் மூளையில செரோட்டோனினை ஏத்துறதுதான். மூலிகை, பக்கவிளைவு கிடையாது. அந்த மாத்திரையை விட்டுட்டு இதைச் சாப்பிடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சித்தி சொல்வது சரியா?

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம். குளிகையை மருத்துவரிடம் காட்டும்வரை திறக்கவும் வேண்டாம். எஸ்சிட்டலோபிராமைத் திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுரீர் என்று கரண்ட் அடிப்பதுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம். நோய் திரும்பிவிட்டதா, சீன மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, மாத்திரையை விட்டதாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். நான் மருந்தியல் படித்தவன். மனநல மருத்துவர் இல்லை. அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் அக்காவைப் பார்க்கிற மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

இனி சித்தியின் கூற்று. செரோட்டோனின் என்பது நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு இரசாயனம். அதைப் பேச ஒரு குப்பியைக் கையில் எடுப்பது நல்லது. நான் சில வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது இந்தக் குப்பியை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே மிளகைவிடச் சின்னதாகக் கறுப்பு உருண்டைகள்; பெரும்பாலும் ஒரு வேளைக்கு எட்டு, நாளைக்கு மூன்று வேளை. மூடியைத் திறந்தால் அதிமதுரமும் புதினாவும் கலந்த வாசனை. சீனத்தில் எழுதியிருக்கிற பயனை மொழிபெயர்த்தால் ஏறத்தாழ இப்படி வரும்: கல்லீரலின் அடைப்பை நீக்கும், மண்ணீரலை வலுப்படுத்தும், இரத்தத்தை ஊட்டும், மாதவிலக்கைச் சீராக்கும். மனம் இறுகியிருப்பது, விலாவில் உப்பலும் வலியும், தலைசுற்றல், பசியின்மை, மாதவிலக்குக் கோளாறு ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம் என்று தொடரும். செரோட்டோனின் என்ற சொல் எங்கும் இருக்காது. அங்குள்ள பெண்கள் பலர் இதை மாதவிலக்குத் தொல்லைக்குத்தான் வாங்குகிறார்கள். சித்தியும் அப்படித்தான் இதை அறிந்திருப்பார் என்று என் ஊகம்.

அப்படியானால் செரோட்டோனின் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? என் பதிலின் சாரமே இதில்தான் இருக்கிறது. அது இந்த மருந்துக்குச் சொந்தமான விளக்கம் இல்லை, இரவல் சட்டை. அந்தச் சட்டையும் இப்போது தோளில் கிழிந்து போயிருக்கிறது.

முதலில் சட்டைக்குள் இருக்கிற ஆளைப் பார்ப்போம். சியாவ் யாவ் என்றால் கவலையின்றிச் சுற்றித் திரிவது. பழைய சீனத் தாவோயிச ஞானி சுவாங் சியின் நூலில் முதல் அத்தியாயத்தின் தலைப்பிலும் இந்தச் சொல் இருக்கிறது. ஒரு மருந்துக்கு இவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருப்பதை நினைத்து நான் பலமுறை பொறாமைப்பட்டிருக்கிறேன். சுங் அரசமரபின் காலத்தில் அரசாங்கமே மருந்துக்கடை நடத்தியது. 1076இல் தலைநகரம் கைஃபெங்கில் முதல் கடை திறந்தார்கள். அந்தக் கடைகளுக்கென்று தொகுத்த செய்முறைக் குறிப்பேட்டில் இந்த யோகம், அதாவது மருந்துக் கூட்டு, இருக்கிறது. சேருவன எட்டு: சாய் ஹூ என்ற வேர், டாங் குவெய் வேர், வெள்ளைப் பியோனி வேர், பை சூ கிழங்கு, பைன் மரவேரில் வளரும் ஃபூ லிங் பூஞ்சை, தேனில் வறுத்த அதிமதுரம், கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் புதினா. கடைசி மூன்றும் நம் அடுப்படிக்கும் நாட்டுமருந்துக் கடைக்கும் தெரிந்தவை.

குளிகையாக வாங்காமல் கஷாயமாக வாங்கினால் காட்சி வேறு. சைனாடவுனில் ஒரு பழைய கடையில் நின்று பார்த்திருக்கிறேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் ஒரு கையில் தூக்குக்கோலைப் பிடித்தபடி, சீட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்து, மேசையில் விரித்த காகிதங்களில் சமமாகப் பிரித்துப் போடுவார். ஏழு நாள் மருந்துக்கு ஏழு காகிதம். அதே நோய் என்று இரண்டு பேர் வந்தாலும் இரண்டு சீட்டும் ஒன்றாக இருக்காது. ஒருவருக்குத் தூக்கம் இல்லையென்றால் முள் இலந்தையின் விதை சேரும். இன்னொருவருக்குக் கோபமும் வாய்க்கசப்பும் இருந்தால் கார்டீனியாக் காயும் பியோனி வேர்ப்பட்டையும் சேரும். இதை நினைவில் வையுங்கள், ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சீன மருத்துவத்தில் மனச்சோர்வுக்கு நேர்ச்சொல் கிடையாது. கிட்டத்தட்ட அந்த இடத்தில் நிற்பது ‘யூ’ என்கிற ஒரே எழுத்து. பழைய வடிவில் அதை எழுத 29 கோடு இழுக்க வேண்டும். பார்க்கவே புதர் மண்டியதுபோல் இருக்கும். பொருளும் அதுதான்: அடர்ந்து, நெருங்கி, காற்றுப் புகாமல் அடைத்துக்கிடப்பது. இன்றைய சீனத்தில் டிப்ரெஷனுக்கான மருத்துவச் சொல்லிலும் இந்த எழுத்து (இப்போது எட்டுக் கோட்டுக்குச் சுருங்கிவிட்டது) உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கணக்கில் உடம்பில் ஓடவேண்டிய ‘சீ’ என்ற உயிர்ச்சக்தி ஓடாமல் தேங்குவதே நோய். அதை ஓடவிடும் பொறுப்பு ‘கல்லீரலுக்கு’. இங்கே கல்லீரல் என்றால் ஸ்கேனில் தெரிகிற உறுப்பு என்று எடுத்துக்கொண்டு கல்லீரலுக்கான எல்எஃப்டி இரத்தச் சோதனை பார்க்கப் போகாதீர்கள். அது ஒரு செயல்தொகுதியின் பெயர். பொங்கி எழ முடியாத கோபம், விழுங்கிய வருத்தம் எல்லாம் அந்த ஓட்டத்தை அடைக்கும், அடைப்பு நீண்டால் ‘மண்ணீரல்’ தளர்ந்து பசி போகும் என்பது அவர்கள் வாதம். எட்டு மூலிகையும் அந்த வாதத்தின்படியே பங்கு பிரித்துக்கொள்கின்றன: சாய் ஹூ அடைப்பைத் திறக்க, டாங் குவெய்யும் பியோனியும் இரத்தத்துக்கு, பை சூவும் ஃபூ லிங்கும் வயிற்றுக்கு.

இதைப் படித்தவுடன் மூடநம்பிக்கை என்று தள்ளவும் வேண்டாம், ஆகா என்று புல்லரிக்கவும் வேண்டாம். நோயாளி சொல்வதை அவர்கள் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். ஹான் காலத்து மருத்துவர் சாங் சோங்ஜிங், கி.பி. 200ஐ ஒட்டி எழுதியவர், தொண்டையில் சுட்ட இறைச்சித் துண்டு ஒன்று சிக்கியதுபோல உணரும் பெண்களுக்கென்று ஒரு கஷாயம் சொல்கிறார். பின்னால் வந்தவர்கள் அதற்குப் பிளம் கொட்டை அடைப்பு என்று பெயர் வைத்தார்கள். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. “தொண்டையில ஏதோ அடைக்குது டாக்டர், எண்டோஸ்கோப்பில ஒண்ணும் இல்லேங்கிறாங்க” என்று நம் ஊர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வந்து நிற்பவர்களுக்கும் இதுதான் நோய். தமிழில் நாம் டிப்ரெஷனையும் ஸ்ட்ரெஸ்ஸையும் சேர்த்து ‘மன அழுத்தம்’ என்று ஒரே பானையில் போட்டுவிட்டோம். அதைவிட அந்தக் கொட்டை துல்லியமானது.

இன்னொரு சொல்லும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சீனாவில் மனச்சோர்வு என்று பெரும்பாலோர் சொல்லிக்கொள்ளவில்லை. ‘ஷென்ஜிங் ஷுவாய்ருவோ’ என்றார்கள். நேரடித் தமிழ்: நரம்புத் தளர்ச்சி. நம் சுவர் விளம்பரங்களில் அதற்கு வேறு வாசனை ஏறிவிட்டது, சீனாவில் அது கௌரவமான வியாதி. அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மேன் ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகர மருத்துவமனையில் அப்படிப் பெயரிடப்பட்ட 100 பேரைச் சோதித்து 1982இல் எழுதினார். அமெரிக்க அளவுகோலின்படி அவர்களில் 87 பேருக்கு இருந்தது பெரும் மனச்சோர்வு நோய். ஆனால் அவர்கள் வந்து சொன்னது தலைவலி, தூக்கமின்மை, சோர்வு, மறதி. நோய் அதுவேதான், வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது.

சரி, இனி இரவல் சட்டையின் கதை. இது நமக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது, ஒரு மூலிகையில்தான் தொடங்குகிறது. சர்ப்பகந்தா வேரை இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த அனுபவத்தை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட சிலர் மனம் சோர்ந்து போனதாகச் செய்தி வந்தது. 1955இல் ரெசர்ப்பின் மூளையில் செரோட்டோனினை வறளச் செய்கிறது என்று அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகம் காட்டியது. நேரெதிர்த் திசையில் இன்னொரு செய்தி. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் காசநோய்க்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது, படுத்துக்கிடந்த நோயாளிகள் வார்டில் ஆடிப்பாடத் தொடங்கினார்கள். அந்த மருந்து, செரோட்டோனின், நோரெபினெஃப்ரின் போன்ற நரம்புச் செய்தி இரசாயனங்களைச் சிதைக்கிற நொதியைத் தடுக்கிறது என்று தெரிந்தது. ஒன்று குறைத்தால் சோர்வு, ஒன்று கூட்டினால் உற்சாகம். முடிச்சுப் போட இவ்வளவு போதாதா? 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் நோரெபினெஃப்ரினை வைத்து ஒரு கருதுகோள் எழுதினார், 1967இல் பிரிட்டனின் அலெக் காப்பன் செரோட்டோனின் பக்கம் சாய்ந்தார். 1987 டிசம்பரில் அமெரிக்காவில், எஸ்சிட்டலோபிராமின் இனத்தைச் சேர்ந்த ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் ‘இரசாயனச் சமநிலைக் குறைவு’ என்பது விளம்பர வாசகம் ஆயிற்று.

இந்தக் கதையில் ஓட்டை இருப்பது துறைக்குள் இருப்பவர்களுக்கு எப்போதோ தெரியும். எஸ்சிட்டலோபிராம் போன்றவை செரோட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதை முதல் நாளே தடுத்துவிடுகின்றன. மனம் தேற இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கிறது. செரோட்டோனின் குறைவுதான் நோய் என்றால் மறுநாளே சரியாக வேண்டும். ரெசர்ப்பினால் மனச்சோர்வு வந்தது என்ற பழைய செய்திகளைப் பின்னால் மறுபடி பிரித்துப் பார்த்தவர்கள், அந்தச் சான்று நினைத்த அளவுக்கு உறுதியில்லை என்றார்கள். 2022இல் லண்டனின் ஜோவன்னா மான்கிரீஃபும் சகாக்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வுக்கும் செரோட்டோனின் குறைவுக்கும் உறுதியான தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று எழுதியபோது பத்திரிகைகளில் பெரிய அமளி நடந்தது.

அதனால் மாத்திரை வேலை செய்யாது என்று ஆகிவிடாது. தையல் மெஷின் சிக்குகிறது, எண்ணெய் விட்டால் ஓடுகிறது. சிக்கியதற்குக் காரணம் எண்ணெய்க் குறைவுதான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, ஊசி வளைந்திருக்கலாம், நூல் சுற்றியிருக்கலாம். ஓடியது மட்டும் உண்மை. 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 522 சோதனைகளை, 1,16,477 பேரைச் சேர்த்துப் பார்த்தது. அதில் இருந்த 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக வேலை செய்தன. வித்தியாசம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், மிதமானது; ஆனால் இருக்கிறது. எப்படி என்பதற்கு இப்போது பேசப்படுவது வேறு பாஷை: நரம்பிணைப்புகள் புதிதாக முளைப்பது, அதற்கு உரம்போல உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதம், ஓயாத மனஉளைச்சலில் ஏறிக்கிடக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், குளூட்டமேட் என்ற இன்னொரு நரம்புச் செய்தி இரசாயனம். 2000இல் மயக்க மருந்தான கெட்டமைன் சில மணி நேரத்தில் மனச்சோர்வைக் குறைக்கிறது என்ற முதல் சிறு சோதனை வெளிவந்தது. 2019இல் அதன் உறவான எஸ்கெட்டமைன் மூக்கில் அடிக்கிற மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது செரோட்டோனின் பக்கமே முதலில் போவதில்லை.

இப்போது சீன ஆய்வகங்களுக்கு வருவோம். ஒரு பழைய யோகத்துக்கு நவீன மரியாதை வேண்டுமென்றால் அதை அந்தந்தக் காலத்து நாணயத்தில் மாற்றிக்காட்ட வேண்டியிருக்கிறது. செரோட்டோனின் மவுசாக இருந்த காலத்தில் சியாவ் யாவ் எலி மூளையில் செரோட்டோனினை ஏற்றியது. பிடிஎன்எஃப் வந்தபோது பிடிஎன்எஃபை ஏற்றியது. அழற்சிதான் காரணம் என்றபோது அழற்சியைத் தணித்தது. கெட்டமைனுக்குப் பிறகு, யூவே ஜூ என்ற இன்னொரு குளிகை கெட்டமைன்போலச் சீக்கிரம் வேலை செய்கிறது என்று நாஞ்சிங்கிலிருந்து ஆய்வுகள் வந்தன. 14ஆம் நூற்றாண்டில் சூ டான்சி சொன்ன யோகம் அது. அதில் இருக்கும் ஒரு சரக்கு நம் வயல் வரப்பில் களையென்று பிடுங்கிப்போடுகிற கோரைக்கிழங்கு. இவை பொய் என்று நான் சொல்லவில்லை. எலியில் நடந்ததை அவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் எதை அளந்தார்கள்?

சுண்டெலி நீச்சல் சோதனையை நான் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடி உருளை, பாதிக்குமேல் வெதுவெதுப்பான தண்ணீர். சுண்டெலியை உள்ளே விடுவார்கள். முதலில் சுவரைப் பிராண்டும், சுற்றிச் சுற்றி நீந்தும், முங்கிப் பார்க்கும். பிறகு ஒரு கட்டத்தில் மூக்கு மட்டும் மேலே இருக்குமளவுக்குப் பின்கால் ஒன்றை இலேசாக அசைத்துக்கொண்டு மிதக்கும். ஆறு நிமிடம், கடைசி நான்கு நிமிடத்தில் எத்தனை விநாடி சும்மா மிதந்தது என்று குறிப்பார்கள். மருந்து கொடுத்த எலி குறைவாக மிதந்தால் அது மனச்சோர்வு எதிர்ப்பு. 1977இல் ரோஜர் போர்சோல்ட் கொண்டுவந்த சோதனை இது. இமிப்பிரமின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகளைச் சரியாக அடையாளம் காட்டியதால் உலகம் முழுக்கப் பரவியது. மிதக்கிற எலி நம்பிக்கை இழந்துவிட்டதா, வெளியே வழியில்லை என்று புரிந்து தெம்பை மிச்சப்படுத்துகிறதா என்று யார் சொல்வது? எனக்கென்னவோ அது புத்திசாலி எலியாகத்தான் பட்டது. எடுத்துத் துடைத்துக் கூண்டில் விட்டதும் தீனியைத் தேடிப் போயிற்று.

கணினி வழி ஆய்வுகள் இன்னும் வேடிக்கை. ‘வலைப்பின்னல் மருந்தியல்’ என்று பெயர். யோகத்தில் இருக்கும் மூலிகைகளின் சேர்மங்களைத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, அவை ஒட்டக்கூடிய புரதங்களோடு கோடு போட்டு, பந்துபோல ஒரு படம் வரைவார்கள். எந்த யோகத்தைப் போட்டாலும் முடிவில் குவெர்செட்டின், கேம்ப்ஃபெரால், பீட்டா சிட்டோஸ்டீரால் என்ற தாவரச் சேர்மங்கள் வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் டிஎன்எஃப், ஐஎல் 6, ஏகேடி 1 என்ற புரதங்கள். மனச்சோர்வுக்கும் இதே விடை, மூட்டுவலிக்கும் இதே விடை. குவெர்செட்டின் வெங்காயத்தில் தாராளமாக இருக்கிறது. அப்படிப் பார்த்தால் சாம்பாரும் மூளை மருந்துதான்.

உள்ளே போவது எல்லாம் மூளைக்குப் போய்விடுவதும் இல்லை. வெள்ளைப் பியோனியின் பியோனிஃப்ளோரின் பேர்பெற்ற சரக்கு. ஆனால் வாய்வழி கொடுத்தால் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஜின்செங்கின் சேர்மங்களைக் குடல் பாக்டீரியா வேறொன்றாக மாற்றிய பிறகே உடம்பு எடுத்துக்கொள்கிறது. உடம்பிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது; அது இரத்தத்தையும் மூளையையும் பிரிக்கும் தடுப்பைத் தாண்டாது. ஆகவே செரோட்டோனினை ஏற்றுகிறது என்று யாராவது சொன்னால், எங்கே என்று கேளுங்கள். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: சில சரக்குகளுக்கு மூளையில் வேலை இருப்பது ஓரளவு தெளிவு. பிளம் கொட்டைக் கஷாயத்தில் சேரும் மக்னோலியாப் பட்டையிலுள்ள ஹோனோகியால், டயசிபாம் என்ற பதற்ற மாத்திரை போய் உட்காருகிற அதே காபா ஏற்பியின் (நரம்புகளை அமைதிப்படுத்துவது) வேலையைக் கூட்டுகிறது. பதற்றம் தணிந்து தொண்டை இளகுவது நம்பமுடியாத விஷயம் இல்லை. உங்கள் குப்பியில் அந்தப் பட்டை கிடையாது.

சீன மருந்தியலாளர் து யூயூவுக்கு மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினினுக்காக 2015இல் நோபல் கிடைத்ததை இந்த இடத்தில் யாராவது எடுத்துப் போடுவார்கள். பழைய ஏட்டிலிருந்து ஆர்ட்டெமிசினின் வந்தது என்றால் மனச்சோர்வுக்கும் வரலாமே? வரலாம். ஆனால் மலேரியாவில் இரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவி ஒட்டுண்ணியை எண்ணலாம். மருந்துக்குப் பின் எண்ணிக்கை குறைந்ததா என்று யாரும் பார்க்கலாம். மனச்சோர்வில் எண்ணுவதற்கு அப்படி ஒரு பூச்சி இல்லை. ஆளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆளைக் கேட்கும் அளவுகோலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சீனச் சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுவது ஹாமில்டன் பட்டியல்: 17 கேள்வி, மொத்தம் 52 மதிப்பெண். அதில் மூன்று கேள்வி தூக்கம் பற்றியவை, அவற்றுக்கே ஆறு மதிப்பெண். பசி, வயிறு, உடல்வலி, பதற்றம் என்று இன்னும் பல. நன்றாகத் தூங்க வைத்து, வயிற்றை இலேசாக்கி, பசியைத் தூண்டும் எந்தப் பொருளும் அந்தப் பட்டியலில் மதிப்பெண்ணைக் கணிசமாக இறக்கிவிடும், சோகத்தைத் தொடாமலேயே. சியாவ் யாவ் அந்த வேலையைச் செய்யக்கூடியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது சின்ன உபகாரம் இல்லை, தூங்காதவரைக் கேட்டுப்பாருங்கள். ஆனால் மூளை இரசாயனத்தைச் சரிசெய்தது என்ற பேச்சுக்கு அது வெகுதூரம்.

சியாவ் யாவை வைத்து மனிதர்களிடம் நடந்த சோதனைகள் டஜன் கணக்கில் இருக்கின்றன, பெரும்பாலும் சீன மொழியில். வழக்கமான அமைப்பு: ஒரு குழுவுக்கு மாத்திரை மட்டும், மறு குழுவுக்கு மாத்திரையும் கஷாயமும். ஆறு அல்லது எட்டு வாரம். இரண்டாவது குழு கூடுதலாகத் தேறியது என்று முடிவு. யாருக்கு என்ன கிடைக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கஷாயம் வாங்குகிறவருக்குக் கூடுதல் கவனிப்பும் கிடைக்கிறது. போலிக் கஷாயம் செய்வதும் லேசான காரியம் இல்லை, அந்தக் கசப்பையும் வாசனையையும் எதை வைத்துக் கொண்டுவருவது? இவற்றைத் திரட்டி மதிப்பிட்டவர்கள் திரும்பத் திரும்ப எழுதுவது ஒன்றுதான்: நம்பிக்கை தருகிறது, தரம் போதாது. 1998இல் வந்த ஒரு அலசலில், சீனாவில் நடந்த அக்குபங்சர் சோதனைகளில் பலனில்லை என்று முடிந்தது ஒன்றுகூட இல்லை என்று கண்டார்கள். எந்த ஊரிலும் எந்த மருந்தும் எல்லாச் சோதனையிலும் ஜெயிப்பதில்லை. இன்னொரு பக்கம் சீன வைத்தியர் தரப்பிலும் ஒரு நியாயமான புகார் உண்டு. ஆளுக்கொரு சீட்டு என்பது அவர்கள் முறை. சோதனைக்காக எல்லாருக்கும் ஒரே குப்பியைக் கொடுத்துவிட்டு அதை அவர்கள் வைத்தியம் என்று எப்படிச் சொல்வது? இழுப்பறைகளை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்குத்தான். உங்கள் சித்தி கொடுத்த குப்பி அந்த வைத்தியத்தின் ஆயத்த ஆடை. அக்காவின் நாடியை யாரும் பார்க்கவில்லை, நாக்கை யாரும் பார்க்கவில்லை. சீன மருத்துவக் கணக்கிலும் அது அரைகுறைதான்.

அடுத்தது, பக்கவிளைவு கிடையாது என்பது. இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்கிற நொதியைத் தடுக்கிறது. நாள்பட நிறையச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும். எஸ்சிட்டலோபிராம் இதயத் துடிப்பின் ஒரு மின் இடைவெளியைச் சற்று நீட்டும் தன்மையுள்ளது. பொட்டாசியம் இறங்கிய உடம்பில் அது ஆபத்து. குளிகையிலுள்ள அளவு குறைவுதான். அதோடு வீட்டில் அதிமதுரக் கஷாயமும், சளிக்கு அதிமதுரப் பொடியும், இரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் கணக்கு மாறும். டாங் குவெய் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்து இரத்தக்கசிவைக் கூட்டியதாகப் பதிவுகள் உண்டு. எஸ்சிட்டலோபிராம் வகையும் இரத்தத் தட்டுகளில் செரோட்டோனினைக் குறைத்துக் கசிவுக்கு இடம்கொடுப்பது. அக்காவுக்கு மாதவிலக்கில் போக்கு அதிகமா என்று விசாரியுங்கள். சாய் ஹூவுக்கும் வரலாறு உண்டு. அது முதன்மையாகச் சேரும் வேறொரு யோகத்தை ஜப்பானில் கல்லீரல் அழற்சிக்காரர்களுக்குக் கொடுத்ததில் நுரையீரல் பழுதுபட்டுச் சிலர் இறந்தார்கள். 1996இல் அரசு அவசர எச்சரிக்கை விட்டது.

ஆள்மாறாட்டம் இன்னொரு கவலை. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸெல்ஸில் உடல் மெலியக் கொடுத்த குளிகையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த அரிஸ்டலோகியா வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். வேண்டுமென்றே செய்வதும் உண்டு: 2002இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்ற இரண்டு சீன மூலிகைக் கலவைகளில், ஒன்றில் வார்ஃபரினும் மற்றதில் தூக்கம் வரவழைக்கும் அல்பிரசோலமும் இருந்தன. மூலிகை என்று வாங்கியது முதல் ராத்திரியே ஆளைக் கட்டிப்போட்டதுபோலத் தூங்க வைத்தால், வைத்தியரின் கைராசியை மெச்சுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். அக்காவின் கொட்டாவியும் வியர்வையும் அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவுகள். சாப்பிடும் நேரத்தை மாற்றுவது, அளவை மெல்லக் குறைப்பது, வேறொன்றுக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் மூன்று வழியாவது இருக்கும். அலுப்போடு அவராகவே விட்டுவிடுவதற்குள் அதைக் கேளுங்கள். அக்காவுக்கு நிஜமாகவே சீன மருந்து எடுக்க ஆசை என்றால் மாத்திரைக்குப் பதிலாக என்று இல்லாமல், மருத்துவருக்குத் தெரிந்து, கூடவே என்று பேசலாம். அதற்கு முன் இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்த்துக்கொள்ளட்டும். 42 வயதில் மாதவிலக்கு தடம் மாறத் தொடங்கியிருந்தால் வியர்வைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அதையும் சொல்லச் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்கிற பேச்சு எப்போதாவது வந்தால் இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ராத்திரி நேரமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

சித்தியிடம் சண்டை வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அவர் இதைச் சாப்பிட்டபோது அவருக்கு எது சரியாயிற்று, தூக்கமா, வயிறா, மாதவிலக்கா? அந்தப் பதில் மருத்துவருக்கும் உதவும். போகும்போது மாத்திரை அட்டை, இரண்டு குப்பி, உள்ளே மடித்துவைத்திருக்கும் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். குப்பியின் பின்பக்கம் தயாரிப்பாளர் பெயரும் தொகுப்பு எண்ணும் பொடியாக அச்சிட்டிருக்கும். விரல் பட்டுப் பட்டு அழிவதற்குள் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.